பழைய போட்டோவில நிக்கிற மில்லு எது எண்டு கண்டுபிடிக்கிறது எப்பிடி: மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துக்கு

எங்கட பக்கத்துப் பழைய போட்டோக்கள் இப்ப வட்சப்பில நிறையச் சுத்துது. ஒரு பெரிய தகரக் கூரை, பக்கத்தில ஒரு புகைக்குழாய், முன்னுக்குச் சாரம் கட்டின நாலஞ்சு பேர், கீழ ஆரோ "வாழைச்சேனை பேப்பர் மில், 1940" எண்டு எழுதி விட்டிருப்பாங்க, பாக்கிற எல்லாரும் அத அப்பிடியே அனுப்பிக்கொண்டிருப்பாங்க. 1940இல வாழைச்சேனையில அந்த மில்லே இல்ல. காகித ஆலை உற்பத்தி தொடங்கினது 1956இல. அப்ப படத்தில நிக்கிறது என்ன? அரிசி மில்லா இருக்கலாம், எண்ணெய் மில்லா இருக்கலாம், ரயில்வேட ஏதாவது கட்டடமா இருக்கலாம், ஆனா பிழையான பேர் ஒருக்கா ஒட்டிட்டா உண்மையா அந்த இடத்தில வேர்வை சிந்தின ஆக்கள்ட அடையாளமும் அதோட சேந்து அழிஞ்சு போகுது. எனக்கு மனசு பொறுக்காத விசயம் அதுதான்.

அந்தக் கட்டடங்கள் கனக்க இண்டைக்கு நிலத்தில இல்ல. 1978 நவம்பர் 23 சூறாவளி கூரைகளப் பிடுங்கி எறிஞ்சுது, பிறகு யுத்தம், பிறகு 2004 சுனாமி, எல்லாத்துக்கும் தப்பினதையும் பழைய இரும்புக்கு வித்தாச்சு. மிச்சம் அல்பத்தில கிடக்கிற படம் மட்டும்தான். அதனால படத்த வாசிக்கப் பழகுவம், இது பெரிய படிப்பு இல்ல, பொறுமையாப் பாக்கிற கண் இருந்தாக் காணும்.

நான் செய்யிற முறையில ஒரே ஒரு பிடிவாதம் இருக்கு, முதல்ல பேரத் தேடுறதே இல்ல. இந்தக் கட்டடத்துக்குள்ள என்ன வேலை நடந்திருக்கும் எண்டுதான் முதல்ல பாப்பன். வேலை விளங்கினா இடம் சுருங்கும், இடம் சுருங்கினா வருசம் சுருங்கும், பேர் கடைசியில வரும்.

முதல்ல படத்த ஒழுங்கா எடுங்க

வட்சப்பில வந்த படத்த வச்சு ஒண்டும் செய்ய ஏலாது, அது சுருங்கி, விளிம்பெல்லாம் கரைஞ்சு வந்திருக்கும். அசல் போட்டோ ஆரிட்ட இருக்கெண்டு கேட்டுப் பிடிச்சு ஸ்கேன் பண்ணுங்க, ஆகக் குறைஞ்சது 600 டிபிஐ, உள்ளங்கை அளவுச் சின்னப் படம் எண்டா 1200. அனுப்பேக்க டொகுமெண்டா அனுப்பச் சொல்லுங்க. பின்பக்கத்தையும் கட்டாயம் ஸ்கேன் எடுங்க, ஸ்டூடியோ முத்திரை, பென்சிலில எழுதின பேர், அல்பத்தில ஒட்டின பசைக் கறை எல்லாம் தகவல்தான். ஓரம் அலை அலையா வெட்டின வெள்ளைக் கரைப் படம் எண்டா பெரும்பாலும் நாப்பது, ஐம்பது, அறுபதுகள். சதுரமான சின்னக் கலர்ப் படம் எண்டா கொடக் இன்ஸ்டமேட்டிக் கமரா வந்த 1963க்குப் பிறகு. கலர் சிவந்து போயிருந்தா அது அந்தக் காலக் கடதாசிட குணம், அத வச்சு எந்த நேரத்து வெளிச்சம் எண்டு முடிவெடுக்காதீங்க.

இன்னொண்டு, படம் இடம் வலம் மாறி இருக்கா எண்டு பாருங்க. நெகட்டிவ்வத் திருப்பி வச்சுப் பிரிண்ட் போட்ட படங்கள் நிறைய இருக்கு. போர்ட்டில எழுத்து இருந்தா உடன தெரியும், இல்லாட்டி ஆக்களப் பாருங்க: சாறி முந்தானை இடது தோளிலதான் விழும், ஆம்பிளைகள்ட சேர்ட்டில இடப்பக்கத் துணிதான் மேல வரும், லொறிட ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். இது மாறி இருந்தா முதல்ல படத்தத் திருப்புங்க, இல்லாட்டிக் கிழக்கு மேற்கு எல்லாம் பிழைச்சுப் போகும்.

என்ன வேலை நடந்த இடம்?

எந்த ஆலைக்கும் நெருப்போ எஞ்சினோ வேணும், தண்ணி வேணும், சாமான் உள்ளுக்கு வரவும் வெளிய போகவும் வழி வேணும். இந்த மூண்டையும் படத்தில தேடுங்க. பிறகு கூரையப் பாருங்க, ஏனெண்டா கூரை உள்ளுக்க நடக்கிற வேலைக்கு ஏத்தமாதிரித்தான் இருக்கும். முகட்டுக்கு மேல இன்னொரு குட்டிக் கூரை ஏறி நிண்டா உள்ளுக்க வெக்கையோ ஆவியோ கிளம்பியிருக்கு, அத வெளிய விடத்தான் அந்த ரெண்டாவது கூரை. வாள் பல்லு மாதிரி வரிசையாச் சரிஞ்ச கூரை எண்டா உள்ளுக்க ஆக்கள் கண்ணால பாத்துச் செய்யிற நுணுக்க வேலை, நெசவு, தையல் அந்த மாதிரி, ஒரு பக்கத்துக் கண்ணாடியால சீரான வெளிச்சம் வரவேணும் எண்டு அப்பிடிக் கட்டுவாங்க.

எங்கட பக்கம் பழைய மில் படம் எண்டாப் பெரும்பாலும் அரிசி மில்தான், அதால இதக் கொஞ்சம் விரிவாச் சொல்றன். சம்மாந்துறை, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை, ஏறாவூர், செங்கலடி எண்டு வயல் இருக்கிற இடமெல்லாம் மில் இருந்தது. இதில ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு வெறும் நெல்லுக் குத்துற மில். டீசல் எஞ்சின் ஒண்டு, அதில இருந்து பெல்ட் போட்டுச் சுத்துற சாஃப்ட், அந்தச் சாஃப்ட்டில ஹல்லர், அதுதான் உமி நீக்கிற மெசின். வெளியால பாத்தா பக்கத்தில சாய்ப்பு இறக்கின ஒரு சின்ன எஞ்சின் அறை, அதுட கூரையால மெல்லிசா ஒரு இரும்புக் குழாய் மேல வரும், அவ்வளவுதான். அது எஞ்சின்ட சைலன்சர் குழாய், புகைக்குழாய் எண்டு எண்ணிப் பெரிய ஆலையாக்கிப் போடாதீங்க. எஞ்சின் அறைக்குப் பக்கத்தில ஒரு தண்ணித் தொட்டியோ ரெண்டு மூண்டு பெரலோ நிண்டா அது எஞ்சினக் குளிராக்கிற தண்ணி.

மற்றது புழுங்கல் மில். இதுக்கு நெல்ல ஊறவைக்கத் தொட்டி வேணும், அவிக்க ஆவி வேணும், ஆவிக்குப் பொயிலர் வேணும், பொயிலருக்கு உண்மையான புகைக்குழாய் வேணும், அவிச்சதக் காயவைக்கக் களம் வேணும். ஆகவே புகைக்குழாயும் பெரிய சீமெந்துக் களமும் ஒண்டாத் தெரிஞ்சா நீங்க புழுங்கல் மில்லத்தான் பாக்கிறீங்க எண்டு துணிஞ்சு சொல்லலாம். களம் கறுப்பு வெள்ளைப் படத்தில வெளிறிப்போய்ப் பளிச்செண்டு இருக்கும், மழைத்தண்ணி ஓட ஒரு பக்கம் கொஞ்சம் சரிவா இருக்கும், அதில பலகையால நெல்ல இழுத்துப் பரப்பின கோடு கோடான தடம் தெரியும். பெரிசாக்கிப் பாருங்க, அந்தக் கோடுகள் மணலில வராது. பிறகு உமி. பொயிலர எரிக்கிறதே உமியாலதான், எண்டபடியா கட்டடத்துக்குப் பின்னால உமிக்குவியலும் கறுத்த சாம்பல் மேடும் இருக்கும், பின்சுவரால ஒரு தகரக் குழாய் வெளிய வந்து வளைஞ்சு கீழ பாத்தபடி நிக்கும், உமிய ஊதித் தள்ளுறது அதாலதான். புகைக்குழாய் செங்கல்லில சதுரமா எழும்பியிருக்கா, வட்டமாச் சிறுத்துக்கொண்டு போகுதா, இல்லாட்டித் தகடு சுருட்டின குழாயா, நாலு பக்கமும் இழுகம்பி கட்டியிருக்கா எண்டும் குறிச்சு வைங்க, ஆக்களிட்டக் கேக்கேக்க அவங்க முதல்ல ஞாபகம் வைக்கிறது அதத்தான்.

அரிசி மில்லோட அடிக்கடி குழப்பிற கட்டடம் நெல் களஞ்சியம். நீளமான கட்டடம், நிலத்தில இருந்து உயர்ந்த அத்திவாரம், லொறி பின்பக்கமா வந்து முட்டி நிக்கிற மேடை, வரிசையா அகலக் கதவு, சுவரின்ட மேல் பக்கத்தில கம்பிவலை அடிச்ச காத்துத் துவாரம். புகைக்குழாய் இல்ல, எஞ்சின் அறை இல்ல. 1971இல நெல் சந்தைப்படுத்தும் சபை வந்த பிறகு இப்பிடியான களஞ்சியங்கள் ஊர் ஊராப் பெருகினது, அதுக்கு முதல் கூட்டுறவுச் சங்கங்கள்ட களஞ்சியங்களும் இருந்தது.

கரையோரத் தென்னங்காணிப் பக்கம் எண்டா கொப்பராச் சூளை, எண்ணெய் மில், தும்பு மில் மூண்டையும் நினைவில வைங்க. கொப்பராச் சூளைக்குப் புகைக்குழாய் இராது, தாழ்வான நீளக் கொட்டில், கூரை இடுக்கெல்லாம் புகை கசிஞ்ச கறுப்பு, பக்கத்தில சிரட்டைக் குவியல். தும்பு மில்லுக்குப் பக்கத்தில மட்டை மலையாக் கிடக்கும், மட்டை ஊறப்போடுற குழி வாவிக் கரையோரம் இருக்கும். ஐஸ் பெக்டரி சுலபம்: ஜன்னல் இல்லாத தடிச்ச சுவர், வெளியால குழாய்களை அடுக்கி மேல தண்ணி ஒழுக விட்டிருக்கிற ஒரு சட்டம், மீன்பிடித் துறைக்குக் கிட்ட. சுண்ணாம்புச் சூளை உருண்டையாக் கட்டையா நிக்கும், பக்கத்தில வெள்ளை முருகைக்கல் குவியல், கல்குடாப் பக்கத்துக் கடற்கரைப் படம் எண்டா இத யோசியுங்க. மருதமுனை, காத்தான்குடி நெசவு எண்டா தறி பெரும்பாலும் வீட்டோட இருந்தது, ஆலையாத் தேடினாக் கிடைக்காது, மூங்கிலில காயப்போட்ட சாயநூல் கற்றையைத் தேடுங்க.

ரெண்டு பெரிய ஆலைகள், அதோட வாற குழப்பங்கள்

வாழைச்சேனைக் காகித ஆலைட அடையாளம் வைக்கோல். அந்த ஆலை வைக்கோல அவிச்சுக் கூழாக்கித்தான் கடதாசி செஞ்சது, வயல் நாட்டில அத வச்சதுக்குக் காரணமும் அதுதான். ஆகவே அங்கத்தப் பழைய படத்தில வைக்கோல் போர்கள் கட்டடம் கட்டடமா உயர்ந்து நிக்கும், லொறியிலயும் வைக்கோல் கட்டுத்தான். அவிக்கிற பகுதி உயரமான கட்டடம், மெசின் ஓடுற மண்டபம் மிக நீளம், ஏனெண்டா ஈரக் கூழ் கடதாசியாக் காஞ்சு சுருளா வரும் வரைக்கும் மெசின் ஒரே நேர்கோட்டில போகவேணும். உயரமான கட்டடமும் நீளமான மண்டபமும் ஒண்டோட ஒண்டு ஒட்டி, பொயிலர் புகைக்குழாயும் தண்ணித் தாங்கியும் சேந்து தெரியாட்டி அது பேப்பர் மில்லா எண்டு ரெண்டு தரம் யோசிங்க. இன்னொரு பொறி இருக்கு: தேசிய கடதாசிக் கூட்டுத்தாபனம் எண்டு பேர் எழுதியிருந்தாலும் அது வாழைச்சேனை எண்டு முடிவு கட்டக்கூடாது, அதே கூட்டுத்தாபனத்துக்கு எம்பிலிப்பிட்டியிலயும் ஒரு ஆலை எழுபதுகள்ட கடைசியில வந்தது, அதுக்கும் வைக்கோல்தான். பின்னால மலைத்தொடர் கிட்டத் தெரிஞ்சா எம்பிலிப்பிட்டிய நினையுங்க.

அம்பாறைப் பக்கம் ஹிங்குரான சீனி ஆலை, அறுபதுகள்ட கதை. கரும்ப மேல ஏத்துற சரிஞ்ச கன்வேயர், கரும்பு தூக்கிற கிரேன், சக்கைக் குவியல், பல மாடி உயரக் காய்ச்சுற பகுதி, சீனிப்பாணி ஊத்துற உருளைத் தாங்கிகள். இத கந்தளாய் சீனி ஆலையோட மாத்திப் போடுறது வழக்கமா நடக்குது, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே மாதிரி ஆலை, படத்தில ஆலை மட்டும் தெரிஞ்சாப் பிரிக்கிறது கஷ்டம், போர்டோ பின்னணியோ இல்லாமல் உறுதியாச் சொல்லாதீங்க. கல்லோயா எண்டு எழுதின படத்திலயும் கவனம். கல்லோயாத் திட்டம் அம்பாறையில, 1949இல தொடங்கினது, இங்கினியாகல அணைக்கட்டும் மின்நிலையமும் சேனநாயக்க சமுத்திரமும் அதோட வந்தது, அணைய அமெரிக்காக் கொம்பனி மொரிசன் நட்சன் கட்டினது. ஆனா கல்லோயா சந்தி ரயில் நிலையம் ஹபரணைப் பக்கம், அம்பாறைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரயில் பாதை தெரியிற "கல்லோயா" படம் எண்டா அது பெரும்பாலும் அங்கதான்.

இதோட ஒட்டின ஒரு முக்கியமான விசயம்: அம்பாறை தனி மாவட்டமானது 1961இல. அதுக்கு முதல் கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில், இங்கினியாகல எல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். பழைய படத்தில "மட்டக்களப்பு மாவட்டம்" எண்டு இருந்தா மட்டக்களப்பு டவுனைச் சுத்தி மட்டும் தேடி நேரத்த வீணாக்காதீங்க, பொத்துவில் வரைக்கும் பாருங்க. ஆவணக் காப்பகத்தில தேடுறவங்களுக்கும் இது உதவும், அறிக்கை எல்லாம் பழைய மாவட்டப் பேரிலதான் கிடக்கும்.

இடத்த எப்பிடிப் பிடிக்கிறது

எங்கட பக்கத்துக்கு ஒரு வசதி, கடல், மணல் மேடு, கரையோர ஊர், வாவி, பிறகு வயல் எண்டு கிழக்கில இருந்து மேற்குக்கு அடுக்கடுக்கா இருக்கு. எழுவான்கரையில நிண்டா வாவி மேற்க, படுவான்கரையில நிண்டா வாவி கிழக்க. படத்தில தண்ணி தெரிஞ்சா அது அலை அடிக்கிற கடலா, கண்டல் செடி நிக்கிற வாவியா எண்டு பாத்தாலே பாதி வேலை முடிஞ்சுது. பின்னணியில குடும்பிமலை தெரிஞ்சா நீங்க மேற்க பாத்துக்கொண்டு நிக்கிறீங்க. மலையே இல்லாமல் அடர்த்தியாத் தென்னை மட்டும் தெரிஞ்சாக் கடற்கரைப் பக்கம்.

இரும்புப் பாலம் தெரிஞ்சா எல்லாரும் கல்லடிப் பாலம் எண்டு எழுதிறாங்க. பழைய கல்லடிப் பாலத்தின்ட பேர் லேடி மனிங் பாலம், அது 1924இல திறந்தது, அதில ரயில் தண்டவாளம் ஒருநாளும் இருந்ததில்ல. பாலத்துக்கு மேல தண்டவாளம் தெரிஞ்சா ஓட்டமாவடிப் பழைய பாலமாவோ மன்னம்பிட்டிப் பாலமாவோ இருக்கும், அந்த ரெண்டிலயும் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தாலதான் போனது. கல்லடியில பழைய பாலத்துக்குப் பக்கத்தில புதுப் பாலமும் தெரிஞ்சா 2013ஐ ஒட்டினது, அது பழைய படமே இல்ல.

ரயில் மட்டக்களப்புக்கு வந்தது 1928இல. அதுக்கு முதல் பாரமான சாமான் எல்லாம் வாவியாலயும் கடலாலயும்தான் கூடுதலாப் போய் வந்தது, அதால மிகப் பழைய பண்டசாலை வாவியப் பாத்தபடி, துறையோட நிக்கும். பிறகு கட்டினது ரோட்டையோ ஸ்டேசனையோ பாத்து நிக்கும். கட்டடத்தின்ட முகம் எந்தப் பக்கம் எண்டு கேளுங்க, பெரிய கதவு இருக்கிற பக்கம்தான் முகம்.

இனி நிழல். இத ஒருவரும் சொல்லித் தாறதில்ல, ஆனா எனக்கு ஆகக் கூட உதவினது இதுதான். நாங்க இருக்கிறது பூமத்திய ரேகைக்குக் கிட்ட, ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில. ஏப்ரல் 10 அளவில இருந்து செப்டம்பர் தொடக்கம் வரைக்கும் மத்தியானச் சூரியன் எங்களுக்கு வடக்கால போகும், நிழல் தெற்க விழும். மிச்சக் காலத்தில நிழல் வடக்க விழும். அதோட, தெற்க விழுற மத்தியான நிழல் எப்பவும் கட்டைதான், ஜூன் மாசத்தில கூடப் பொருளின்ட உயரத்தில கால்வாசியத் தாண்டிக் கொஞ்சம்தான் வரும். வடக்க விழுறது டிசம்பரில அரைவாசிக்கும் மேல நீளும். ஆகவே மத்தியான நிழல் உயரத்தில மூண்டிலொரு பங்குக்கு மேல இருந்தா அது வடக்கக் காட்டுது, மாரிக் காலம். இதால திசையும் மாசமும் ஒண்டாக் கிடைக்கும். ஆனா நிழல் படத்துக்குக் குறுக்கா விழுந்தாத்தான் அளக்கலாம், கமராவ நோக்கி விழுந்தா நீளம் ஏமாத்தும்.

வருசத்த நெருங்கிறது

வாகனம் நல்ல சாட்சி. 1957க்குப் பிறகு கனகாலம் பதிஞ்ச வாகனத்தின்ட நம்பரில நடுவில சிங்கள ஸ்ரீ எழுத்து இருக்கும், அதுக்கு முதல் பதிஞ்சதில இங்கிலீஷ் எழுத்து. பழைய வாகனம் பழைய நம்பரோட பல வருசம் ஓடும், அதால ஸ்ரீ இருந்தா "அதுக்குப் பிறகு" எண்டு உறுதி, இல்லாட்டி ஒண்டும் உறுதியில்ல. பஸ்ஸில தனியார் கொம்பனிப் பேர் இருந்தா பெரும்பாலும் 1958 ஜனவரி 1க்கு முதல், அண்டைக்குத்தான் இலங்கைப் போக்குவரத்துச் சபை எல்லாத்தையும் எடுத்தது. உழவு மெசினப் பாருங்க: பழைய சின்ன ஃபெர்குசன் 1946இல இருந்து 1956 வரைக்கும் செஞ்சது, முன்பக்கம் பெட்டி மாதிரிச் சதுரமான மெஸி ஃபெர்குசன் 135 வந்தது 1964இல. போர்டில "சிலோன்" எண்டு இருந்தா 1972 மே மாசத்துக்கு முதல் எழுதினது, ஆனா போர்ட் மாத்தாமல் விட்டிருக்கவும் கூடும்.

தென்னைகளையும் பாருங்க. வட்டு முறிஞ்ச தென்னைகள் வரிசையா நிக்கிற படம், பழைய சுவருக்கு மேல புதுத் தகரம் பளபளக்கிற கூரை, இது ரெண்டும் சேந்தா 1978 சூறாவளிக்குப் பிறகு வந்த மாசங்களா இருக்கலாம். ஓடு போட்ட கூரை எண்டா விழுந்த ஓடு ஒண்டாவது இருக்கா எண்டு தேடுங்க, மங்களூர் ஓட்டில செஞ்ச கொம்பனிப் பேர் அழுத்தியிருக்கும். அஸ்பெஸ்டஸ் சீட் எண்டா ஐம்பதுகளுக்கு முதல் எண்டு சொல்ல யோசிக்கணும். கூரை அடிக்கடி மாறும், சுவரும் அத்திவாரமும் மாறாது, வருசத்தக் கூரைய மட்டும் வச்சு எழுதாதீங்க.

ஒரு படத்த முழுசா வாசிச்சுக் காட்டுறன்

மாமி வீட்டு அல்பத்தில ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அலை ஓரம் வெட்டினது, பின்னால பென்சிலில "கல்முனை ரோட்" மட்டும். ரோட்டில நிண்டு எடுத்திருக்கு. நீளக் கட்டடம் ஒண்டு ரோட்டுக்குச் சமாந்தரமா நிக்குது, முகட்டின்ட நடுவில குட்டிக் கூரை. இடப்பக்கச் சாய்ப்பால மெல்லிய குழாய், வலக்கோடியில சதுரச் செங்கல் புகைக்குழாய். முன்னுக்கு வெளிறின வெட்டை, மூண்டு பொம்பிளைகள் குனிஞ்சு நிக்கிறாங்க, ஒருத்தரிட கையில நீளக் காம்பு. ஓரத்தில பெட்டி கொழுவின உழவு மெசின். பின்னால தென்னை, மலை இல்ல, தண்ணி இல்ல.

மெல்லிய குழாயும் செங்கல் புகைக்குழாயும் ரெண்டும் இருக்கு, அப்ப எஞ்சினும் இருக்கு பொயிலரும் இருக்கு. குட்டிக் கூரை ஆவிக்கு. வெட்டையப் பெரிசாக்கினாச் சமாந்தரக் கோடுகள், காம்பின்ட நுனியில பலகை. புழுங்கல் மில், இதில சந்தேகமே இல்ல. உழவு மெசின் பழைய ஃபெர்குசன், ஆகவே 1946க்குப் பிறகு. தென்னைகளுக்கு வட்டு முழுசா இருக்கு, 1978க்கு முதலா இருக்கலாம் எண்டு ஒரு பென்சில் குறிப்பு மட்டும். புகைக்குழாய் நிழல் இடப்பக்கமா, ரோட்டோட சேத்து நேரா விழுது. கரையோர ரோட் கிட்டத்தட்ட வடக்குத் தெற்கு, அப்ப நேரம் மத்தியானம். நிழல் நீளம் புகைக்குழாய் உயரத்தில மூண்டிலொரு பங்குக்குக் கொஞ்சம் கூட. அப்பிடியெண்டா நிழல் வடக்கக் காட்டுது, இடப்பக்கம் வடக்கு, கமரா கிழக்கப் பாக்குது, மில் ரோட்டுக்குக் கடல் பக்கம். பின்னால தென்னை மட்டும் தெரியிறதும் இதோட ஒத்துப் போகுது. வெயிலில புதுநெல் காயுது, மாசம் பெப்ரவரியா இருக்கலாம், பெரும்போக வெட்டுத் தொடங்கிற நேரம்.

பேர் தெரியாமலே இவ்வளவும் வந்திட்டுது. இதுக்குப் பிறகுதான் படத்தத் தூக்கிக்கொண்டு ஆக்களிட்டப் போறது.

கேக்கிற விதம், எழுதிற விதம்

வயசான ஆக்களிட்டப் போய் "பெரியப்பா, இது இன்னாற்ற மில் தானே?" எண்டு கேட்டா அவங்க உங்கட மனசு நோகக்கூடாதெண்டு ஓம் எண்டுதான் சொல்லுவாங்க. பேரச் சொல்லாதீங்க. படத்தக் கையில குடுத்திட்டுச் சும்மா இருங்க, இல்லாட்டி "இதில என்ன தெரியுது பெரியப்பா" எண்டு கேளுங்க. பிறகு சுத்திவளைச்சுக் கேளுங்க: சங்கு எத்தினை மணிக்கு ஊதும், நெல்லு எங்க இருந்து வரும், ஆக்கள் எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போவாங்க, பக்கத்தில தேத்தண்ணிக் கடை ஆற்ற. முதலாளிட மகனவிட மூட்டை தூக்கினவரும் லொறி ஓட்டினவரும் களத்தில நெல்லு கிண்டின அம்மாவும் கட்டடத்தத் துல்லியமாச் சொல்லுவாங்க, வாசல், படி, தண்ணிக் குழாய் வரைக்கும். ஒராளை மற்றாளுக்கு முன்னால வச்சுக் கேக்காதீங்க, தனித்தனியாக் கேட்டு ரெண்டு பேரும் ஒண்டையே சொன்னாத்தான் அதுக்குப் பாரம். கதை யுத்த காலத்துக்குப் போனா அவங்க நிப்பாட்டிற இடத்தில நீங்களும் நிப்பாட்டுங்க.

காகிதச் சாட்சிக்கு நில அளவைத் திணைக்களத்தின்ட பழைய ஒரு அங்குல வரைபடங்களும் ஐம்பதுகள்ல எடுத்த வான்படங்களும் இருக்கு, வான்படத்தில களம் வெள்ளைச் சதுரமாத் தெரியும், புகைக்குழாய் நிழலாலயே பிடிபடும். ஃபெர்குசன்ஸ் சிலோன் டிரக்டரிப் பழைய பதிப்புகள்ல தோட்டங்கள், தொழில் நிறுவனங்கள் ஊர் ஊரா இருக்கும். நூலகம் இணையத்தளத்தில கோயில், பள்ளிக்கூட, சங்க மலர்கள் ஏத்தி இருக்காங்க, அந்த மலர்கள்ட கடைசிப் பக்க விளம்பரங்களப் பாருங்க, மில் பேர், உரிமையாளர், ரோட் எல்லாம் அங்கதான் இருக்கும், அத ஒருவரும் வாசிக்கிறதில்ல. கூகிள் ஏர்த்தில பழைய வருசப் படங்களுக்குப் போனா இடிக்க முதல் நிண்ட அத்திவாரம் கூடச் சில இடத்தில தெரியும். நேர இடத்துக்குப் போறதெண்டா காணிக்காரரிட்டக் கேட்டுட்டுப் போங்க, முகாமுக்குக் கிட்ட எண்டாக் கமராவ எடுக்கவே வேணாம்.

கடைசியா எழுதேக்க மூண்டு தட்டாப் பிரிச்சு எழுதுங்க. உறுதியானது: "புழுங்கல் அரிசி மில், கல்முனை ரோட்." பெரும்பாலும்: "ரோட்டுக்குக் கடல் பக்கம், 1946க்கும் 1978க்கும் இடையில." ஆக்கள் சொன்னது: ஆர் சொன்னது, அவருக்கும் மில்லுக்கும் என்ன தொடர்பு, எப்ப சொன்னது. இந்த மூண்டையும் ஒரே வசனமாக் குழைக்காதீங்க, நாளைக்கு இன்னொராள் திருத்த வேணுமெண்டா எதத் தொடலாம் எதத் தொடக்கூடாது எண்டு தெரியவேணும். இதப் படத்துக்கு மேல எழுதாதீங்க, வேற ஃபைலா வைங்க, ஃபைல் பேரில ஊர், வேலை, வருச வீச்சு, அல்பம் ஆற்ற எண்டு போடுங்க. தெரிஞ்ச ஆக்கள்ட பேரப் பொதுவில போட முதல் அந்தக் குடும்பத்திட்டக் கேளுங்க. ஸ்கேன் எடுத்த ஒரு கொப்பிய பிரிண்ட் போட்டு அல்பக்காரரிட்டயே குடுத்திட்டு வாங்க, பின்பக்கத்தில நீங்க கண்டுபிடிச்சத பென்சிலில எழுதி.